மூளைக்கு மணிக்கட்டு வழி

நம் நாட்டு வைத்தியர் பண்டுதொட்டு நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை ஊன்றி நாடி பார்த்து வந்தமை யாவரும் அறிந்ததே. ஆடவர்க்கு வலக்கையும் பெண்டிர்க்கு இடக்கையும் பற்றி, வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றன் நிலையை அவ்விடத்தே உணர்ந்து, உடல் முழுவதன் செய்தியையும் அறிய முயன்றனர். இங்ஙனம் நோயை அறிதற்கு வாயிலாக இருந்த மணிக்கட்டு, இக்காலத்தில் நோயைத் தீர்த்தற்கும் வாயிலாகியுள்ளது. விரலுக்கு அடியில் துடிக்கும் அந்நாடியினுள் நுண்ணிய குழல் ஒன்றைச் செலுத்தி, கையின் வழியே மேலேற்றி, மார்பினுள் உள்ள பெருநாடியை அடைந்து, அங்கிருந்து கழுத்தின் வழியே மூளையின் இரத்தக்குழாய்களைச் சென்று சேர்கின்றனர் மருத்துவர். மண்டையோடு திறக்கப்படுவதில்லை, கத்தியின் தழும்பும் காணப்படுவதில்லை. இம்முறையின் இயல்பு யாது, நன்மை யாது, வரம்பு யாது, நம் கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு இஃது எவ்வளவிற் பயன்படும் என்பனபற்றி எமக்குத் தோன்றுவனவற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

எம் கருத்தை முதற்கண்ணே சொல்லிவிடுதல் நலம். மருத்துவர் உடலுக்குள் புகும் வழி நோயாளியின் நன்மை நோக்கி அமைதல் வேண்டும். மருத்துவரின் பழக்கம் நோக்கி அமைதல் ஆகாது. அதனினும் முந்தியதாக, ஊரினின்று மருத்துவமனைக்குச் செல்லும் வழி செம்மையுறல் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றை விடுத்து மற்றொன்றை மட்டும் போற்றுதல் பயன் தாராது.

மூளையின் இரத்தக்குழாய்க்கு வரும் கேடு பெரும்பான்மையும் இருவகைத்து. முல்லைப் பெரியாற்றின் நீரால் வாழும் நம்மவர்க்கு அதனை விளக்குதல் அரிதன்று. வாய்க்காலில் அடைப்பு நேர்ந்தால் கடைமடை வயல் காய்கின்றது; கரை உடைந்தால் வயல் வெள்ளத்தில் மூழ்கி அழிகின்றது. மூளையிலும் அவ்வாறே. இரத்தக்கட்டு ஒன்று நாடியை அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பாலுள்ள மூளைப்பகுதி உணவும் உயிர்க்காற்றும் இன்றி வாடுகின்றது. நாடியின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, குமிழிபோற் புடைத்து, வெடித்துவிட்டால் இரத்தம் மூளையைச் சூழ்ந்து அழுத்துகின்றது. இவ்விரண்டும் பக்கவாதத்தை விளைக்கும் காரணங்களாம். முன்னதற்கு அடைப்பை எடுத்தலும், பின்னதற்கு அக்குமிழியை அடைத்தலும் சிகிச்சைகளாம். இரண்டையும் குழாயின் உட்புறமாகவே சென்று செய்யக் கற்றது சென்ற நூற்றாண்டின் அரும்பெருஞ் செயல்களுள் ஒன்று.

அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1927-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் நகரத்தில் எகாஸ் மோனிஸ் என்பார், கழுத்து நாடியினுள் எக்ஸ்-ரேக்குப் புலப்படும் மருந்தைச் செலுத்தி, உயிருள்ள மனிதனின் மூளை நாடிகளைப் படமாகக் கண்டனர். 1929-இல் ஜெர்மனியில் வெர்னர் போர்ஸ்மன் என்னும் இளைஞர், தம் கையின் சிரையிலேயே ஒரு குழலைச் செலுத்தி அதனை இருதயம் வரையில் ஏற்றிக் காட்டினர். அன்று பலரும் அவரைப் பழித்தனர். 1956-இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953-இல் சுவீடன் நாட்டு செல்டிங்கர் என்பார் எளிய உபாயம் ஒன்றைக் கண்டார். முதலில் ஊசி, ஊசியின் வழியே கம்பி, ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாகக் குழல் என்பதே அவ்வுபாயம். இதன்பின் நாடியை அறுத்துத் திறத்தல் வேண்டாதாயிற்று. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தாலியரான குக்லியெல்மி, அமெரிக்காவில் இருந்துகொண்டு, நாடிக் குமிழியினுள் மெல்லிய பிளாட்டினச் சுருளை விடுத்து அதனை அடைக்கும் முறையை அமைத்தார். 2015-ஆம் ஆண்டிலோ, பெரிய மூளை நாடியை அடைத்துக்கொண்ட இரத்தக்கட்டைக் குழலின் வழியே பற்றி இழுத்தெடுத்தல் பெரும்பயன் தருவது என்பதை ஐந்து ஆராய்ச்சிகள் ஒருங்கே நிறுவின. அவ்வைந்தனையும் சேர்த்துக் கணக்கிட்டபொழுது, ஏறக்குறைய மூவர்க்கு அச்சிகிச்சை செய்யின் அவருள் ஒருவரேனும் குறைந்த ஊனத்துடன் பிழைப்பர் என்பது புலனாயிற்று.

இவ்வரலாற்றில் நம் தமிழ்நாட்டிற்கும் இடம் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பறுவைப் பிரிவு வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி அத்துறையை நிறுவினார். அண்டை நாடாகிய கேரளத்தின் திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூளைநோய்க்கும் இருதயநோய்க்கும் பெயர்பெற்று விளங்குகின்றது. ஆதலின், இக்கலை நமக்கு அயலானதன்று.

நிற்க. மூளைக்குச் செல்லும் குழலை உடலின் எவ்விடத்தே புகுத்துவது என்னும் வினாவிற்கு வருவாம். செல்டிங்கர் காலத்திற்குப் பின் நெடுங்காலமாகத் தொடையிடுக்கில் உள்ள நாடியே இராஜபாட்டையாகக் கொள்ளப்பட்டது. அதற்குக் காரணமும் உண்டு. அந்நாடி பருத்தது, பெரிய குழலையும் ஏற்கவல்லது, அங்கிருந்து பெருநாடிக்குச் செல்லும் வழியும் பெரும்பாலும் நேரானது. ஆயினும் அவ்விடம் சதைக்குள் ஆழ்ந்து கிடப்பது. குழலை எடுத்தபின் இரத்தம் கசியின், அது சில வேளைகளில் வெளியே தோன்றாமல் வயிற்றின் பின்புறத்தே சென்று தேங்கும். நோயாளி வெளுத்துச் சோர்ந்தபின்னரே அது வெளிப்படும். இதனை அஞ்சியே, சிகிச்சை முடிந்த பின்னும் பல மணிநேரம் காலை மடக்காமல் மல்லாந்து கிடத்தல் வேண்டும் எனப் பணிக்கின்றனர். முதுகு நோவுடையார்க்கும், இருமலுடையார்க்கும், சிறுநீர் கழித்தற்கு எழவேண்டிய முதியோர்க்கும் அஃது எத்துணைத் துன்பம் என்பதை ஒருநாள் மருத்துவமனைக் கூடத்தில் நின்று நோக்கினார் அறிவர்.

மணிக்கட்டின் வழி இதனின் வேறு. ஆண்டு நாடி தோலுக்குச் சற்றே அடியில், எலும்பின் மேல் ஓடுகின்றது. விரலால் அழுத்திய அளவில் இரத்தம் நிற்கும். கசிந்தால் உடனே கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கைக்கு இரத்தம் தருவன இரண்டு நாடிகள்; பெருவிரற் பக்கத்தே ஒன்றும் சிறுவிரற் பக்கத்தே மற்றொன்றும் வந்து, உள்ளங்கையில் வளைவாக இணைகின்றன. ஒன்று தடைப்படினும் மற்றொன்று பெரும்பாலும் கையைக் காக்கும். இரண்டும் செவ்வனே ஓடுகின்றனவா என்று கையை அழுத்தி விடுத்துப் பார்க்கும் சோதனையை 1929-ஆம் ஆண்டிலேயே ஆலன் என்னும் அமெரிக்க மருத்துவர் கூறியிருக்கின்றனர்.

1948-இல் சுவீடன் நாட்டு ராட்னர் என்பார் இவ்வழியே பெருநாடியைப் படம்பிடிக்க முயன்றனர். ஆயின் அக்காலத்துக் குழல்கள் தடித்தனவாதலின் அம்முயற்சி பரவவில்லை. கருவிகள் மெலிந்த பின்னர், 1989-இல் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரத்து லூசியன் காம்போ, 100 நோயாளிகளிடத்து மணிக்கட்டின் வழியே இருதய நாடிகளைப் படம் எடுத்து வெளியிட்டார். 1992-இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கீமெனெய் என்பார் அவ்வழியே அடைப்பு நீக்கும் சிகிச்சையையும் செய்தனர். நம் நாட்டில் அகமதாபாத் நகரத்து டாக்டர் தேஜஸ் படேல் இவ்வழியைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். பிற நாட்டு மருத்துவரும் அவர்பாற் கற்றுள்ளனர். 2011-இல் 32 நாடுகளில் 7,021 இருதய நோயாளிகளைக்கொண்டு நிகழ்ந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. உயிரிழப்பு, மாரடைப்பு, பக்கவாதம், பெரும் இரத்தப்போக்கு ஆகியவற்றை ஒருங்கு எண்ணிய கணக்கில் இரு வழிகளுக்கும் குறிக்கத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆயின், துளையிட்ட இடத்து நாடிக்கு நேரும் பெருந்தீங்கு தொடைவழியில் நூற்றுக்கு 3.7 ஆகவும், மணிக்கட்டு வழியில் 1.4 ஆகவும் இருந்தது. 2021-இல் அமெரிக்க இருதய மருத்துவச் சங்கங்கள், இருதய நாடிச் சிகிச்சைக்கு மணிக்கட்டு வழியையே முதலிற் கொள்ளுமாறு விதித்தன.

இருதய மருத்துவர் சென்ற வழியே மூளை மருத்துவர் பின்சென்றனர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய மருத்துவர் சிலர் மணிக்கட்டின் வழியே மூளை நாடிகளைப் படம்பிடித்துத் தம் அனுபவத்தை வெளியிட்டனர். எனினும் ஏனைய நாடுகளில் இவ்வழக்கம் மெல்லவே பரவிற்று. கடந்த பத்தாண்டுக் காலத்திலேதான் இது விரைந்து வளர்கின்றது. 2017-இல் கீமெனெய், மணிக்கட்டினும் சற்றே கீழாக, பெருவிரலின் அடியிற் காணும் குழியில் துடிக்கும் நாடியையும் வாயிலாகக் கொள்ளலாம் எனக் காட்டியதும் இதற்குத் துணையாயிற்று.

இனி, நன்மைகளை நம்மவர் நிலையில் வைத்து ஆராய்வாம்.

முதலாவது, இரத்தக்கசிவின் அச்சம் குறைகின்றது. மூளை நாடியினுள் ஸ்டென்ட் வைக்கப்பெறுவோர் இரத்தம் உறையாதிருத்தற்குரிய மருந்துகளை உட்கொள்பவராவர். அவர்க்குக் கசிவு நேரின் எளிதில் நில்லாது. கண்ணுக்குத் தெரியும் இடத்தில், எலும்பின் மேல் அழுத்தி நிறுத்தத்தக்க இடத்தில் துளையிடுதல் அவர்க்குப் பெரியதோர் காவலாம்.

இரண்டாவது, நோயாளி விரைவில் எழுந்து உட்காரலாம், நடக்கலாம், தாமே உணவு உண்ணலாம். நம் பள்ளத்தாக்கினின்று மதுரைக்குச் செல்லும் ஏழை நோயாளியுடன் துணையாகச் செல்பவர் பெரும்பாலும் ஒருவரே. அவ்வொருவரும் திராட்சைத் தோட்டத்திலோ ஏலக்காய்த் தோட்டத்திலோ அன்றாடக் கூலியை விட்டு வந்தவராயிருப்பர். நோயாளி தாமே எழுந்து நடப்பின், துணைவரின் சுமையும் அரைப்பங்கு குறையும்.

மூன்றாவது, மானம் காக்கப்படுகின்றது. இதனை மருத்துவ நூல்கள் விரித்துக் கூறுவதில்லை. ஆயின் எம் கருத்தில் இது சிறிதன்று. தொடையிடுக்கை மழித்துத் துடைத்து, ஆடவர் பலர் நிற்கும் கூடத்தில் அவ்விடத்தைத் திறந்து கிடத்தல், நம் கிராமத்துப் பெண்டிர்க்குச் சாவினும் கொடியதாகத் தோன்றும். உயிர் காக்கும் சோதனையை அந்நாணத்தால் வேண்டாமென மறுக்கும் மூதாட்டியரை அறியாமையுடையார் என இகழ்தல் அறமன்று; அவர் மானம் கெடாத வழி ஒன்று உண்டாயின், அதனைத் தேடித் தருதலே அறம்.

நான்காவது, முதுமையால் பெருநாடி வளைந்து முறுக்கேறியவர் சிலர்க்குத் தொடையிலிருந்து மேலேறும் குழல் கழுத்து நாடியின் வாயைப் பற்ற இயலாது வழுக்கும். அத்தகையோருள் சிலர்க்குக் கையின் வழி எளிதாகின்றது. பிடரிப்பக்கமாக ஏறும் வலப்பக்க நாடிக்கோ, வலக்கையினின்று செல்லும் வழி மிகக் குறுகியது.

இங்ஙனம் நன்மைகளை மட்டும் அடுக்கிச் செல்லின் அது வழக்குரைஞர் வாதமாகுமேயன்றி நடுநிலையுரை ஆகாது. ஆதலின் வரம்புகளையும் கூறுவாம். மணிக்கட்டு நாடியின் அகலம் இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் அளவினது. பெண்டிர்க்கும் மெலிந்தார்க்கும் இன்னும் சிறியது. தடித்த குழல் அதனுட் புகாது. புகுத்தின் நாடி வெகுண்டு இறுகிக்கொள்ளும். அவ்விறுக்கத்தைத் தளர்த்துதற்கு மருந்துகள் உண்டெனினும், அவை எக்காலத்தும் கைகொடுப்பன அல்ல. சிலர்க்கு நாடி முழங்கையருகே வளையம்போற் சுருண்டிருக்கும். வலக்கையினின்று இடப்பக்கத்துக் கழுத்து நாடியைப் பற்றுதல் கூரிய திருப்பமாதலின், தேர்ந்த கைக்கும் அரிதாகலாம். சிகிச்சைக்குப் பின் மணிக்கட்டு நாடி அடைத்துக்கொள்ளுதலும் உண்டு. பெரும்பாலும் அதனால் கைக்கு ஊறு நேர்வதில்லை. ஆயினும் நாடி கெடாதபடி, இரத்த ஓட்டம் முற்றும் நில்லாத அளவில் கட்டு அழுத்துதல் வேண்டும். சிறுநீரகம் கெட்டு, இரத்தம் சுத்திகரிக்கும் சிகிச்சையை நாடவேண்டியவர்க்கு அம்மணிக்கட்டு நாடியே பின்னர்த் தேவைப்படும். அவரிடத்து அதனைக் கெடுத்தல் தகாது.

மேலும், 2011-இன் ஆராய்ச்சி இருதயத்தைப் பற்றியது, மூளையைப் பற்றியதன்று. ஒன்றன் கணக்கை மற்றொன்றற்கு அப்படியே ஏற்றிச் சொல்லுதல் அறிவியல் நெறியன்று. மூளை நாடியில் அடைத்த இரத்தக்கட்டை அவசரத்தில் எடுக்கும்பொழுது தடித்த குழல் வேண்டப்படும். ஒவ்வொரு நிமிஷமும் விலைமதிப்பற்றது. அவ்வேளையில் எவ்வழி சிறந்தது என்பதில் மருத்துவருலகம் இன்னும் ஒருமுகப்படவில்லை. பழகாத கை மணிக்கட்டில் அரைமணிநேரம் தடுமாறிப் பின்னர்த் தொடைக்கு மாறுமாயின், அவ்வரைமணியில் அழிந்த மூளை மீளாது.

ஆதலின் எம் முடிபு இது: முன்கூட்டி நாள் குறித்துச் செய்யும் சோதனைகளிலும், மெல்லிய குழலால் முடியும் சிகிச்சைகளிலும், நாடியை ஸ்கேன் கருவியால் அளந்து பார்த்துத் தக்கதாயின், மணிக்கட்டு வழியையே முதலிற் கொள்ளுக. அவசர வேளையில், அம்மருத்துவரின் கை எவ்வழியில் மிக விரைந்து செல்லுமோ அவ்வழியே செல்லுக. எவ்வழியெனினும், அதன் நன்மை தீமைகளை நோயாளிக்கு அவர் அறிந்த தமிழில் முன்னரே சொல்லுக. ஏலக்காய் பறிப்பவளும் திராட்சைக் கொடிக்குப் பந்தல் கட்டுபவனும், “என் கைக்கு ஊறு வாராதா?” என்றே முதலில் வினவுவர். கையே அவர்க்கு மூலதனம். அவ்வினாவிற்கு விடை கூறாமல் கையொப்பம் மட்டும் வாங்குதல் முறையன்று.

“பழைய வழியே நன்றாயிருக்கப் புதுவழி எதற்கு?” என்று கேட்பாரும் உளர். அவர்க்கு யாம் கூறுவது: மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பெரியாற்றின் நீரை, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்றபொழுதும் இவ்வாறே கேட்டனர். 1895-இல் அவ்வணை முடிந்து நீர் வந்தபின், இப்பள்ளத்தாக்கில் அவ்வினாவை எழுப்புவார் இலர். எனினும் பென்னிகுவிக் மலையைக் குடைந்தது அளந்து பார்த்த பின்னரேயாம். விருப்பம் ஒன்றை மட்டும் நம்பியன்று. மருத்துவத்திலும் அவ்விரண்டும் வேண்டும்: புதுவழியை ஏற்கும் துணிவும், அதனை அளந்தறியும் பொறுமையும்.

இனி, இரண்டாம் வழியாகிய ஊர்வழியைப்பற்றிக் கூறுவாம். திருவள்ளுவர் தம் நூலில் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்தே இருந்து பேணுவான் என நான்கையும் மருத்துவத்தின் கூறுகளாக வகுத்தனர். இந்நான்கும் ஓரிடத்தே கூடினாலன்றிச் சிகிச்சை இல்லை. நம் பள்ளத்தாக்கிலோ, நோயுற்றவன் உத்தமபாளையத்திலும், மருத்துவன் மதுரையிலும் இருக்கின்றனர்; இடையே நூறு கிலோமீட்டருக்கும் மிகுந்த சாலை கிடக்கின்றது. க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பாலது. குமுளி, கம்பமெட்டு முதலிய மலைப்பாதைகளைக் கடந்து தோட்டவேலைக்குச் செல்லும் கூலியாளர்க்கு அத்தொலைவு இன்னும் மிகும்.

தொலைவு மூளைக்கு என்ன செய்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். பெரிய நாடி ஒன்று அடைபட்டவிடத்து, நிமிஷம் ஒன்றுக்கு ஏறக்குறைய 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என 2006-இல் ஓர் அமெரிக்க மருத்துவர் கணக்கிட்டனர். ஒரு மணிநேரத்திற்கு அது பதினொரு கோடியைத் தாண்டும். இரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி, நோய் தொடங்கிய நான்கரை மணிநேரத்திற்குள் போடப்படல் வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தம் கசிந்திலது என்று தெளிதலும் வேண்டும். குழலின் வழியே கட்டை எடுத்தல் ஆறு மணிநேரத்திற்குள் சிறந்தது. 24 மணிநேரம் வரையிலும் சிலர்க்குப் பயன் உண்டு என்பதை 2018-இன் ஆராய்ச்சிகள் காட்டின. ஆயினும் அது தேர்ந்தெடுத்த சிலர்க்கே, எல்லார்க்கும் அன்று.

நம்மூர்களில் நிகழ்வது யாது? காலையில் ஒருவர்க்குக் கை விழுந்தால், “குளிர்ந்த காற்று பட்டது, சற்றுப் படுத்திருக்கட்டும்” என்பர் சிலர். எண்ணெய் தேய்ப்பர் சிலர்; புறாவின் இரத்தம் பூசுவார் சிலர். மாலையில் மகன் வேலையினின்று திரும்பிய பின்னரே வண்டி தேடுவர். இரவில் மருத்துவமனையை அடைந்தக்கால், மணிக்கட்டு வழியும் தொடை வழியும் ஒருங்கே பயனற்றுப் போகின்றன. உலகத்தின் தலைசிறந்த மருத்துவர் அங்கே நின்றாலும், காய்ந்து கருகிய பயிருக்குப் பின்னர்ப் பாய்ச்சும் நீரால் யாது பயன்?

ஆதலின், யாவரும் நினைவில் வைக்கவேண்டிய குறிகள் மூன்று: முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தூக்கமாட்டாமல் சோர்தல், பேச்சுக் குழறுதல். இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினும், கடிகாரத்தைப் பார்த்து, அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழைத்தல் வேண்டும். இந்த ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008 முதல் இலவசமாக ஓடிவருகின்றது. வாயில் நீரோ கஷாயமோ ஊற்றுதல் கூடாது; விழுங்க இயலாதார்க்கு அது மூச்சுக்குழலில் இறங்கிக் கேடு செய்யும்.

தொலைவை வெல்லுதற்கு முன்மாதிரிகள் உள. நம்மினும் கடுமையான மலைநாடாகிய ஹிமாசலப் பிரதேசத்தில், 2014-ஆம் ஆண்டு முதல் மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்கள் ஸ்கேன் படத்தைக் கைப்பேசியின் வழியே கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் வல்லுநர்க்கு அனுப்பி, அவர் சொற்படி அவ்விடத்தேயே கட்டுக் கரைக்கும் ஊசியைப் போடும் ஏற்பாட்டை அரசினர் செய்தனர். நோயாளி வல்லுநரைத் தேடி ஓடாமல், வல்லுநரின் அறிவு நோயாளியைத் தேடி வருகின்றது. இன்னும் ஒன்று: 2018 டிசம்பரில் மேற்கூறிய டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகரத்து அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் இருந்துகொண்டு, ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தொலைவில் அகமதாபாத் மருத்துவமனையிற் கிடந்த நோயாளியின் இருதய நாடியில் இயந்திரக் கையின் வாயிலாகச் சிகிச்சை செய்தனர். அத்தொலைவு உத்தமபாளையத்திற்கும் தேனிக்கும் உள்ள தொலைவை ஏறத்தாழ ஒத்ததாம். அது நாளை நம் தாலுகாவிற்கு வந்துவிடும் என யாம் கூறவில்லை. தொலைவு விதியன்று, மனிதன் குறைக்கத்தக்கதே என்பதற்கு அஃது ஒரு சான்று.

எனவே, ஆள்வோரிடத்தும் மருத்துவக் கல்லூரிகளிடத்தும் யாம் வேண்டுவன மூன்று. ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூளை நாடிச் சிகிச்சை கற்கும் இளைஞர்க்குத் தொடைவழியும் மணிக்கட்டு வழியும் ஒருங்கே பயிற்றப்படுக. கை பழகுதற்குச் சில பத்து நோயாளிகளேனும் வேண்டும் என்பர். அப்பழக்கம் அவசரமில்லாச் சோதனைகளில், ஆசிரியர் பக்கத்தே நிற்கப் பெறப்படுக. செல்வர் செல்லும் மருத்துவமனைகளுக்கு மட்டும் உரிய நயமாக இவ்வழி நின்றுவிடலாகாது. இரண்டு, பள்ளத்தாக்கின் மருத்துவமனைகளில் இரவும் பகலும் ஸ்கேன் எடுக்கவும், கட்டுக் கரைக்கும் மருந்தை வைத்திருக்கவும், வல்லுநரோடு உடனே பேசவும் வழி செய்யப்படுக. அங்கிருந்து நோயாளியை அனுப்பும்பொழுதே, ஏற்கும் மருத்துவமனைக்குச் செய்தி முந்திச் செல்லுக. மூன்று, நோய் வருமுன் காக்கும் பணி தளராதிருக்க. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தால் இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை வந்தால் மட்டும் போதாது. உடல் நலமாயிருக்கின்றது என்று எண்ணி இடையில் நிறுத்தாமல் உட்கொள்ளுதலும், புகையிலையை விடுத்தலும் வேண்டும்.

இவற்றுள் முதலிரண்டும் அரசினர் கையில் உள்ளன. மூன்றாவதில் நம் கல்லூரி மாணவர்க்கும் பங்கு உண்டு. விடுமுறையில் ஊருக்குச் செல்லும் மாணவ நண்பர்களே! நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் தெருவில் பத்து வீட்டாருக்கேனும் அம்மூன்று குறிகளையும் அவ்வெண்ணையும் சொல்லி வாருங்கள். வீட்டில் உள்ள முதியோரின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். மருத்துவம் கற்கச் செல்வார் உங்களுள் சிலர் இருப்பின், கையின் வழியாயினும் காலின் வழியாயினும், நோயாளிக்கு எது நலமோ அவ்வழியில் உங்கள் விரல்களைப் பழக்குங்கள்.

மணிக்கட்டில் துடிக்கும் நாடி, இருதயத்தின் செய்தியை நம் முன்னோர்க்குச் சொல்லிற்று. இன்று மூளையைக் காக்கும் மருத்துவர்க்கு வழிவிடுகின்றது. அவ்வழி திறந்திருக்கும் காலம் சிறிது. அதற்குள் நோயாளியைக் கொண்டு சேர்த்தல் அவர் வீட்டாரும் ஊராரும் அரசினரும் கூடிச் செய்யவேண்டிய பணி. அப்பணி செவ்விதின் நிகழுமாயின், முல்லைப் பெரியாற்று நீர் கடைமடைக்கும் எட்டுவதுபோல, மருத்துவத்தின் பயன் இப்பள்ளத்தாக்கின் கடைக்குடிக்கும் எட்டும் என்பது எம் துணிபு.